ஜோகேந்திரநாத் மண்டல்: பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் உடனே அண்ணல் அம்பேத்கர் என்று விடை கூறுவர். அதே ஆண்டு, அதே ஆகஸ்டுத் திங்களில் தோன்றிய பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவரும் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவரே. அண்ணலின் இயக்கத்தில் அவருக்குத் துணை நின்றவர். அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் அடியெடுத்து வைக்க வழி செய்தவர். அவர் பெயர் ஜோகேந்திரநாத் மண்டல். ஒரு நாளின் நள்ளிரவில் இரண்டாகப் பிரிந்த இரு நாடுகளில், சட்டம் இயற்றும் துறை இரண்டு தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது வரலாற்றில் எளிதில் காண முடியாத நிகழ்ச்சியாகும். ஒருவர் கையில் அரசியல் சட்டம் உருவாயிற்று. மற்றவர் மூன்றே ஆண்டுகளில் பதவியையும் நாட்டையும் துறந்து வெளியேற நேர்ந்தது. ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தினால் இவ்வரலாற்றை எழுதப் புகுந்தேன்.

மண்டல் 1904ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பரிசால் பகுதியைச் சேர்ந்த மைஸ்தர்கண்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆறுகளும் ஓடைகளும் பின்னிக் கிடக்கும் நீர்நாடு அது. ஆண்டில் பல மாதங்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் படகில்தான் செல்ல வேண்டும். அந்தச் சதுப்பு நிலங்களைத் திருத்தி வயலாக்கிய உழைப்பாளிகள் நாமசூத்திரர் எனப்படும் மக்கள். அவர்களுக்குப் பழைய பதிவேடுகளில் இருந்த பெயர் சண்டாளர் என்பது. நெடுங்காலம் போராடிய பிறகு, 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அந்த இழிபெயர் நீங்கி நாமசூத்திரர் என்ற பெயர் ஏறிற்று. பெயரை மாற்றிக்கொள்வதற்கே ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது என்பதை நம் சமூகத்தார்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இம்மக்களை விழிப்படையச் செய்தவர்கள் பரீத்பூர் மாவட்டத்து ஒராகாந்தி ஊரில் வாழ்ந்த ஹரிசந்த் தாகூரும் அவர் மைந்தர் குருசந்த் தாகூரும் ஆவர். தந்தையார் சாதி வேற்றுமையற்ற மதுவா என்னும் பக்தி நெறியைத் தோற்றுவித்தார். மைந்தர் அதனைக் கல்வி இயக்கமாக மாற்றினார். 1880ஆம் ஆண்டில் தம் ஊரிலேயே பள்ளி ஒன்றைத் தொடங்கி, ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்று வற்புறுத்தினார். இத்தகைய விழிப்பு பரவிய மண்ணில் பிறந்ததனால்தான் மண்டல் போன்ற ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துப் பரிசாலில் உள்ள பிரஜமோகன் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. 1929இல் பி.ஏ. பட்டம் பெற்றார், 1934இல் கல்கத்தாவில் சட்டப் படிப்பை முடித்தார். ஊரில் பள்ளி இருந்தமையால் ஒருவர் படித்தார். அவர் படித்தமையால் ஒரு மக்கட்கூட்டத்திற்கு வழக்கறிஞர் கிடைத்தார். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணியும் இத்தன்மையதே.

வழக்கறிஞர் தொழில் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தேர்தல் வந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி 1937இல் மாகாணங்களில் தேர்தல் நடைபெற்றது. வாக்குரிமை சொத்தும் படிப்பும் உடையவர்களுக்கே பெரும்பாலும் உரியதாக இருந்த காலம் அது. வங்காளச் சட்டமன்றத்தின் 250 இடங்களில் 30 தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தன. மண்டல் அந்த ஒதுக்கீட்டு இடங்களில் ஒன்றை நாடவில்லை. பொதுத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவர் பரிசாலின் பெருந்தலைவராக விளங்கிய அசுவினி குமார் தத்தரின் உறவினர், காங்கிரஸ் வேட்பாளர். அவரை மண்டல் தோற்கடித்தார். அந்நாளில் அது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது.

தொடக்கத்தில் அவர் சுபாஷ் சந்திர போஸ், அவர் தமையனார் சரத் சந்திர போஸ் ஆகியோருடன் நெருக்கமாக இருந்தார். சுபாஷ் காங்கிரசை விட்டு விலகிய பிறகு மண்டலுக்கும் அக்கட்சிக்கும் இருந்த தொடர்பு தளர்ந்தது. 1942ஆம் ஆண்டு நாகபுரியில் அம்பேத்கர் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் அவர்கள் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி. அதன் வங்கக் கிளையை மறு ஆண்டில் மண்டல் நிறுவினார்.

1943இல் வங்காளத்தில் கவாஜா நஜிமுத்தீன் தலைமையில் முஸ்லிம் லீக் அமைச்சரவை அமைந்தபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் 21 பேரின் ஆதரவு அதற்குத் தேவைப்பட்டது. அந்த ஆதரவை மண்டல் விலையின்றித் தரவில்லை. மூன்று நிபந்தனைகள் விதித்தார். அமைச்சரவையில் தாழ்த்தப்பட்டோர் மூவர் இடம்பெற வேண்டும். தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும். அரசுப் பணி நியமனங்களில் வகுப்புவாரி விகிதத்தைத் தயக்கமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். இவை ஏற்கப்பட்டன. மண்டல் கூட்டுறவு மற்றும் கடன் நிவாரணத் துறை அமைச்சரானார். கந்துவட்டியில் மூழ்கிய குடியானவர்களின் துறை அவரிடம் வந்தது. நிபந்தனைகளுள் இரண்டாவதை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்நாளில் ஐந்து இலட்சம் என்பது பெருந்தொகை.

இங்கே ஒரு கேள்வி எழும். முஸ்லிம் லீக்கோடு ஏன் அவர் கைகோத்தார்? இதற்காக அவரைத் துரோகி என்று இகழ்ந்தவர்கள் பலர். ஆனால் கிழக்கு வங்காளத்தின் வயல்வெளியை அறிந்தால் விடை விளங்கும். நிலம் பெரும்பாலும் மேல்சாதி ஜமீன்தார்கள் கையில் இருந்தது. அதில் உழுதவர்கள் முஸ்லிம் குடியானவர்களும் நாமசூத்திரர்களும். இருவருக்கும் கடன் கொடுத்தவன் ஒருவனே. இருவரிடமும் குத்தகை வாங்கியவன் ஒருவனே. ஏழை முஸ்லிமும் ஏழை நாமசூத்திரனும் ஒரே வயலில் நிற்பதால் ஒரே அரசியலில் நிற்கலாம் என்பது மண்டலின் கணக்கு. அந்தக் கணக்கில் பொருளாதாரம் சரியாகவே இருந்தது. மதம் எவ்வளவு விரைவில் பொருளாதாரத்தை விழுங்கிவிடும் என்பதே அதில் விடுபட்டுப் போயிற்று.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் வங்காளத்தில் சம்மேளனத்தின் சார்பில் வென்றவர் மண்டல் ஒருவரே. சுராவர்தி அமைச்சரவையில் அவர் மீண்டும் அமைச்சரானார். அவ்வாண்டு ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களை மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. அம்பேத்கருக்குத் தம் சொந்த மாகாணமாகிய பம்பாயிலிருந்து செல்ல வாய்ப்பில்லாமற் போயிற்று. அங்கே சம்மேளனத்திற்கு வலிமை இல்லை. அந்நிலையில் வங்காளத்திலிருந்து அவரை நிறுத்தி, தாழ்த்தப்பட்ட உறுப்பினர்களின் வாக்குகளைத் திரட்டியவர்களுள் தலையாயவர் மண்டல். அம்பேத்கர் வென்றார். பின்னர் வங்காளம் பிரிவினையானபோது அந்த இடம் அற்றுப் போயிற்று. 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் முதற்கதவைத் திறந்தவர்கள் பரிசாலையும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களையும் சேர்ந்த ஏழை மக்களின் பிரதிநிதிகளே என்பதை மறத்தல் ஆகாது.

அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் பெருங்கலவரம் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அக்டோபரில் நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டனர், தாழ்த்தப்பட்டோரும் தப்பவில்லை. மண்டலின் சொந்த மக்களே அவரைப் பதவி விலகச் சொன்னார்கள். அவர் விலகவில்லை. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மோதும் சண்டையில் நாமசூத்திரர்கள் எப்பக்கமும் சேராது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று கூறினார். அவர் சொல்லைக் கேட்டு ஒதுங்கி நின்ற ஊர்கள் பல. அம்மாதத்திலேயே தில்லி இடைக்கால அரசில் முஸ்லிம் லீக் தன் ஐந்து பிரதிநிதிகளுள் ஒருவராக மண்டலை நியமித்தது. சட்டத் துறை அவரிடம் வந்தது. காங்கிரஸ் ஒரு முஸ்லிமைத் தன் பட்டியலில் சேர்த்ததற்கு லீக் கொடுத்த பதிலடி இது என்பர். அது உண்மையாகவே இருக்கலாம். சதுரங்கத்தில் காயாக வைக்கப்படுகிறோம் என்று தெரிந்தும் அந்தக் கட்டத்தில் நின்றால் தம் மக்களுக்கு ஏதேனும் கிடைக்குமா என்று பார்ப்பதுதான் சிறுபான்மைத் தலைவர்களின் தலைவிதியாக இருந்தது.

வங்காளத்தைப் பிரிப்பதை மண்டல் எதிர்த்தார். பிரித்தால் தம் மக்கள் இருபுறமும் சிதறி எங்கும் வலிமையற்றுப் போவர் என்பது அவர் அச்சம். குருசந்த் தாகூரின் பேரரான பிரமதரஞ்சன் தாகூர் காங்கிரஸ் பக்கம் நின்றார். ஒரே சமூகம் இரண்டு தலைவர்களின் பின்னே பிரிந்தது. பிரிவினை வந்தது. பரிசால், பரீத்பூர் முதலிய நாமசூத்திரர் தாயகங்கள் யாவும் பாகிஸ்தானுக்குச் சென்றன. மண்டல் தம் மக்களோடு அங்கேயே நின்றார்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் கராச்சியில் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை முதன்முறையாகக் கூடியது. தற்காலிகத் தலைவராக அமர்ந்து அதனைத் தொடங்கி வைத்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். மறுநாள் ஜின்னா நிரந்தரத் தலைவராகித் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். எந்த மதத்தினராயினும் எந்தச் சாதியினராயினும் அரசின் முன் சமமான குடிமக்களே என்பது அவ்வுரையின் சாரம். மண்டல் அதனை முற்றிலும் நம்பினார். சட்டம், தொழிலாளர் நலம் ஆகிய இரு துறைகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. வைசிராயின் நிர்வாக சபையில் அம்பேத்கர் முன்பு வகித்தது தொழிலாளர் துறை. இப்போது இந்தியாவில் வகித்தது சட்டத் துறை. அவ்விரண்டும் எல்லைக்கு அப்பால் அவருடைய தோழரிடம் சேர்ந்திருந்தன.

இனி இரு நாடுகளின் பாதையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இந்தியாவில் 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் வரைவுக் குழு அமைக்கப்பட்டு அம்பேத்கர் அதன் தலைவரானார். 1949 நவம்பர் 26ஆம் நாள் அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று பதினேழாம் பிரிவு அறிவித்தது. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை முதற் பொதுத்தேர்தல் நடந்தேறியது. ஏறத்தாழ 17 கோடி 30 இலட்சம் வாக்காளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கட்சிக்கொரு சின்னமும் வேட்பாளருக்கொரு பெட்டியும் வைத்து அத்தேர்தலை நடத்திக் காட்டியவர் சுகுமார் சென் என்னும் வங்காளி அதிகாரி.

பாகிஸ்தானில் நடந்தது வேறு. ஜின்னா 1948 செப்டம்பர் 11ஆம் நாள் மறைந்தார். அரசியல் சட்டம் எழுதப்படவில்லை. 1949 மார்ச்சில் பிரதமர் லியாகத் அலி கான் குறிக்கோள் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். இறையாண்மை இறைவனுக்கே உரியது, இஸ்லாமியக் கோட்பாடுகளின் வழியே அரசு அமையும் என்பது அதன் அடிப்படை. சிறுபான்மை உறுப்பினர்கள் கொணர்ந்த திருத்தங்கள் 10க்கு 21 என்ற வாக்குக் கணக்கில் தோற்றன. எதிர்த்தவர்களுள் முஸ்லிமல்லாத உறுப்பினர் பதின்மர். தாழ்த்தப்பட்ட சமூகத்து உறுப்பினரும் அவர்களுள் உண்டு. மண்டல் அப்போது அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். ஜின்னாவின் உரைக்கும் இத்தீர்மானத்திற்கும் இடையே ஓடியவை பத்தொன்பது மாதங்களே.

ஏன் இந்த வேறுபாடு? மதம் மட்டுமே காரணம் என்று கூறிவிடுவோர் உண்டு. அது பாதி விடைதான். காங்கிரசுக்கு ஊர்கள்தோறும் கிளைகள் இருந்தன. அதன் தலைவர்கள் தங்கள் சொந்தத் தொகுதிகளில் நின்று வெல்லக்கூடியவர்கள். முஸ்லிம் லீக்கின் தலைவர்கள் பலர் இந்தியாவில் விடப்பட்ட பகுதிகளிலிருந்து வந்தவர்கள். புதிய நாட்டில் அவர்களுக்குச் சொந்தத் தொகுதியே இல்லை. தேர்தல் என்றாலே அவர்களுக்கு அச்சம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி கிழக்குப் பகுதியில் நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களும் மேற்குப் பகுதியில் மூன்றரைக் கோடிக்குக் குறைவானவர்களும் வாழ்ந்தனர். மக்கள் கிழக்கில், படையும் உயர் அதிகாரமும் மேற்கில். ஆளுக்கொரு வாக்கு என்று வைத்தால் ஆட்சி வங்காளிகளிடம் போய்விடும். அதனால்தான் அரசியல் சட்டம் ஒன்பது ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது.

மக்களாட்சியின் நிறுவனங்கள் வலுப்பெறாத நாட்டில் யார் முதலில் அடிபடுவார்? இக்கேள்விக்கு விடை கராச்சி வீதிகளிலேயே இருந்தது. பிரிவினைக்குப் பின் இந்துக்கள் சிந்துவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, துப்புரவுத் தொழிலாளர்கள் மட்டும் செல்ல விடாமல் நிறுத்தப்பட்டனர். அவர்கள் செய்வது அத்தியாவசியப் பணி என்பது காரணம். அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருக்களையும் கழிவறைகளையும் யார் சுத்தம் செய்வது என்பதே பிரதமரிடமிருந்து கிடைத்த பதில் என, அந்நாளில் அங்கே இந்தியத் தூதராக இருந்த ஸ்ரீபிரகாசா தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். பின்னாளில் நம் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் இவரே. அம்பேத்கர் 1947 டிசம்பரில் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி, இம்மக்களை மீட்டு வருமாறு வேண்டினார். பாகிஸ்தானிலுள்ள தாழ்த்தப்பட்டோர் கிடைத்த வழியில் இந்தியாவுக்கு வந்துவிடுமாறும் அவர் அறிக்கை விடுத்தார். நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரே தாழ்த்தப்பட்டவர். அந்நாட்டின் தலைநகரிலோ தாழ்த்தப்பட்ட தொழிலாளி தன் விருப்பப்படி ஊர் விட்டுப் போக முடியவில்லை. ஒருவர் பதவியில் அமர்வது வேறு, மக்களுக்கு உரிமை கிடைப்பது வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா?

மண்டல் வாளாவிருந்தார் என்று கூற முடியாது. கிழக்கு வங்காள அமைச்சரவையில் தாழ்த்தப்பட்டோர் இருவரைச் சேர்க்குமாறு அவர் மீண்டும் மீண்டும் கேட்டார். வாக்குறுதி வந்தது, நியமனம் வரவில்லை. 1943இல் 21 உறுப்பினர்களின் வாக்கு அவர் கையில் இருந்தது. ஆகவே நிபந்தனை விதிக்க முடிந்தது. 1948இல் அவர் கையில் எதுவும் இல்லை; ஆகவே விண்ணப்பம்தான் போட முடிந்தது.

1949 டிசம்பர் 20ஆம் நாள் குல்னா மாவட்டத்துக் கால்சிரா என்னும் ஊருக்கு, பொதுவுடைமைக் கட்சியினரைத் தேடுவதாகக் கூறிக் காவலர்கள் வந்தனர். ஒரு நாமசூத்திரர் வீட்டுப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தனர். ஊரார் திரண்டு தடுத்ததில் காவலர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து ஊரையே அழித்தனர். 1950 பிப்ரவரி 28ஆம் நாள் மண்டல் நேரில் சென்று பார்த்தார். 350 வீடுகளில் மூன்றைத் தவிர மற்றவை இடிக்கப்பட்டுக் கிடந்தன என்று பின்னர் எழுதினார். அந்தப் பிப்ரவரியிலேயே டாக்காவிலும் பரிசாலிலும் பெருங்கலவரங்கள் வெடித்திருந்தன. அவருடைய சொந்த மாவட்டத்தில், அவரை நம்பி ஊரை விட்டுப் போகாமல் நின்ற மக்கள் மாண்டார்கள். எல்லைக்கு இப்பால் மேற்கு வங்காளத்திலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 8ஆம் நாள் நேருவும் லியாகத் அலியும் இருநாட்டுச் சிறுபான்மையினரைப் பாதுகாக்க ஒப்பந்தம் செய்தனர். மண்டல் அதனையும் நம்பி ஊர் ஊராகச் சென்று மக்களைத் தங்கியிருக்கச் சொன்னார். சில மாதங்களில் அந்நம்பிக்கையும் உடைந்தது.

1950 அக்டோபர் 8ஆம் நாள், கல்கத்தாவில் இருந்தபடியே, பிரதமர் லியாகத் அலிக்குத் தம் பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். பல பக்கங்களுக்கு நீளும் கடிதம் அது. 1943ஆம் ஆண்டு நிபந்தனைகளில் தொடங்கி, தாம் லீக்கோடு சேர்ந்த காரணங்கள், தமக்குத் தரப்பட்ட வாக்குறுதிகள், கால்சிரா முதலாக ஒவ்வோர் ஊரிலும் நேர்ந்தவை ஆகியவற்றை நாளும் இடமும் குறிப்பிட்டு ஒரு வழக்கறிஞர் மனு எழுதுவது போல் எழுதியிருந்தார். பாகிஸ்தானில் இந்துக்களுக்கு இனி இடமில்லை என்ற முடிவுக்குத் தாம் வந்துவிட்டதாகவும், உண்மையை மறைத்துக்கொண்டு பதவியில் இருக்கத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றும் தெரிவித்தார். இவ்வளவு விரிவான பதவி விலகல் கடிதம் எந்த அமைச்சராலும் எழுதப்பட்டிருத்தல் அரிது. வசதியுள்ள இளைஞர்கள் அதனை முழுமையாகத் தேடிப் படித்தல் நன்று.

ஓராண்டு கழித்து, 1951 செப்டம்பரில், இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதன் காரணமாக அம்பேத்கரும் பதவி விலகினார். ஆக, இரு நாடுகளின் முதல் சட்ட அமைச்சர்களும் பதவியில் நிலைக்கவில்லை. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அம்பேத்கர் பதவி விலகி நாடாளுமன்றத்தில் எதிரணியில் அமர்ந்தார். 1952இல் மக்களவைத் தேர்தலில் தோற்றார்; மாநிலங்களவைக்குச் சென்றார்; 1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் நின்று தோற்றார். ஆட்சியாளரை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டிற்குத் திரும்பி உறங்க முடிந்தது. மண்டல் எதிர்த்து எழுதுவதற்கே எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது.

அவர் வெளியேறிய பின் பாகிஸ்தானில் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். லியாகத் அலி 1951 அக்டோபர் 16ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1954இல் கிழக்கு வங்காளத்தில் நடந்த மாகாணத் தேர்தலில் ஐக்கிய முன்னணி இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களை வென்று லீக்கைத் துடைத்தெறிந்தது. இரண்டு மாதங்களுக்குள் அவ்வமைச்சரவை கலைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். சபைத் தலைவர் தமிசுத்தீன் கான் நீதிமன்றம் சென்றார். சிந்து நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1956 மார்ச்சு 23இல் ஒருவாறு அரசியல் சட்டம் வந்தது. முஸ்லிம் அல்லாதவர் குடியரசுத் தலைவராக முடியாது என்று அது விதித்தது. அதன் கீழ் ஒரு பொதுத்தேர்தலும் நடப்பதற்கு முன்பே, 1958 அக்டோபரில் இராணுவச் சட்டம் வந்து அதனை நீக்கிற்று. 1947க்கும் 1958க்கும் இடையே பாகிஸ்தான் ஏழு பிரதமர்களைக் கண்டது. அக்காலம் முழுவதும் இந்தியாவுக்கு ஒரே பிரதமர். பின்னர் வந்த அயூப் கான் எண்பதாயிரம் பேரை மட்டும் வாக்காளர்களாக்கி அதற்கு அடிப்படை ஜனநாயகம் என்று பெயரிட்டார். நாடு முழுவதும் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1970 டிசம்பரில்தான் நடந்தது. அதில் வென்ற வங்காளிகளிடம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்ததன் விளைவாகவே 1971இல் வங்காள தேசம் பிறந்தது.

இதனைக் கூறும்போது நாம் தற்பெருமை கொள்ளலாகாது. இந்தியாவிலும் 1959இல் கேரளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கலைக்கப்பட்டது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச்சு வரை நெருக்கடி நிலை நாட்டை அழுத்திற்று. ஆனால் 1977இல் தேர்தல் வந்தது. எழுதப்படிக்கத் தெரியாத மக்களும் ஆட்சியை மாற்றினர். சட்டப் புத்தகத்தில் தீண்டாமை ஒழிந்தது. தேநீர்க் கடையில் ஒழிந்ததா என்பதை இம்மலரைப் படிப்போர் தத்தம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கல்கத்தா திரும்பிய மண்டலை யாரும் மாலையிட்டு வரவேற்கவில்லை. சாதி இந்துக்கள் அவரை ஜோகேன் அலி முல்லா என்று எள்ளி நகைத்தனர். முன்னாள் மத்திய அமைச்சர், கல்கத்தாவின் தெற்கே எளிய மக்கள் வாழும் பகுதியில் குடியிருந்தார். வங்கத்து மேல்சாதியினர் பலர் முன்னரே வந்து நிலைபெற்றுவிட்டனர். 1950க்குப் பின் அலை அலையாக வந்தவர்கள் பெரும்பாலும் நாமசூத்திர உழவர்கள். அவர்கள் கல்கத்தாவின் இரயில் நிலையங்களிலும் முகாம்களிலும் கிடந்தனர். மண்டல் அவர்களிடையே பணியாற்றினார். மேற்கு வங்காளத்தில் இடமில்லை என்று கூறி அரசு அவர்களை மத்தியப் பிரதேசத்துக்கும் ஒரிசாவுக்கும் இடைப்பட்ட தண்டகாரண்யக் காட்டுப் பகுதிக்கு அனுப்பத் திட்டமிட்டது. ஆற்றங்கரையில் வாழ்ந்த உழவரைக் கல்லும் காடுமான நிலத்தில் குடியேற்றினால் பிழைக்க மாட்டார்கள் என்று வாதிட்டு அவர் போராடினார். தாம் முன்பு பிரிவினையின்போது அஞ்சிய சிதறல் இப்போது கண்ணெதிரே நிகழ்வதை அவர் கண்டார். பரிசாலில் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தவர்கள் பல மாநிலங்களில் சிதறினால், எந்தத் தொகுதியில் அவர்கள் வாக்குக்கு மதிப்பு இருக்கும்?

தேர்தல்களில் அவர் பலமுறை நின்றார். ஒருமுறையும் வெல்லவில்லை. 1937இல் பொதுத் தொகுதியில் ஜமீன்தார்களை எதிர்த்து வென்றவர், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த நாட்டில் தோற்றுக்கொண்டே இருந்தார். அவருக்கு வாக்களிக்கக்கூடிய மக்கள் முகாம்களில் சிதறிக் கிடந்தனர். பிற்காலத்தில் இந்தியக் குடியரசுக் கட்சியில் இணைந்து உழைத்தார்.

1968ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய வனகாவ்ம் என்னும் போங்காவ் நகரில் அவர் உயிர் நீத்தார். வயது அறுபத்து நான்கு. வங்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் அவரை மகாபிராண் என்ற பட்டப்பெயரால் இன்றும் வழங்குகின்றனர்.

அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1978இல், தண்டகாரண்யத்தில் வாழ முடியாத அகதிகள் பல்லாயிரவர் மேற்கு வங்காளத்துக்குத் திரும்பி, சுந்தரவனக் காட்டிலுள்ள மரிச்ஜாப்பி என்னும் தீவில் குடியேறினர். தாங்களே குடிசை கட்டினர். பள்ளிக்கூடம் ஒன்றும் அமைத்தனர். 1979 ஜனவரியில் மாநில அரசு 144 தடையுத்தரவு பிறப்பித்துப் படகுகளால் தீவை முற்றுகையிட்டு, உணவும் குடிநீரும் செல்லாமல் தடுத்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் குடிசைகள் எரிக்கப்பட்டு, எஞ்சியவர்கள் மீண்டும் தண்டகாரண்யத்துக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாமசூத்திரர்கள்.